இரண்டு முழம் மல்லிகை

12.3.1998, வியாழன்

நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. ‘அண்ணன் மதினிக்குப் பூ வாங்கி வந்தான். அவன் கோபம் தணிந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறேன்.

தணியவில்லை. அந்த இரண்டு முழம் மல்லிகை மதினியின் தலைக்கு வாங்கியது அல்ல.

உசிலம்பட்டி டுட்டோரியலுக்கு பஸ் பிடிக்கும் அவசரத்தில் அண்ணன் கையில் இருந்த வாழையிலைப் பொட்டலத்தை மட்டும் பார்த்தேன். வகுப்பு முடிந்து வந்தபோது மதினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். மீதியை நானாக எழுதிக்கொண்டேன்.

இன்று காலையில்தான் பார்த்தேன். பழைய வேட்டியைக் கிழித்து மதினியின் மார்பை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். துணிக்குள் மல்லிகை. பால் வற்றுவதற்காக.

முடிச்சுப் போட்டது அம்மா. திமிறாமல் பிடித்துக்கொண்டது அண்ணன் விருமாண்டி. மதினி ஜெயக்கொடியின் இரண்டு கைகளிலும் அவன் விரல் பதிந்த இடம் கறுத்திருந்தது.

பிள்ளை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆண் பிள்ளை.

மார்பில் வைத்தால் கவ்வுவான். நழுவிவிடுவான். மறுபடி கவ்வுவான். ஈறால் மென்று மென்று காம்பு இரண்டும் வெடித்துவிட்டன. பாலோடு ரத்தமும் வந்தது. மதினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கொடுத்துப் பார்த்தாள். அவன் வயிறு நிறையவே இல்லை.

அதனால் எறும்பு விட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

பால் பிடிக்காத பிள்ளை என்றால் எங்கள் பக்கம் அப்படித்தான். தாய்ப்பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி, ஓர் எறும்பை விடுவார்கள். பிழைத்துக் கரையேறினால் நல்ல பால். செத்தால் விஷப்பால்.

செத்துவிட்டது.

அப்போதிருந்து பிள்ளைக்குச் சங்கில் பசும்பால் ஊட்டினார்கள். குடித்ததை எல்லாம் கக்கினான். மதியத்துக்கு மேல் அவனுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

மதினிக்குக் காய்ச்சல் கொதித்தது. மார்பு கல்லாகியிருந்தது.

“ஒரே ஒருக்கா அவுத்து விடுங்கத்தே. பிள்ள பசியில சாகுது.”

அண்ணன் அவளை எட்டி உதைத்தான். அவள் போய் விழுந்ததில் அடுக்குப் பானைகள் சரிந்து உடைந்தன.

“எம் மகனக் கொல்லத்தான் பாக்குறியா? விஷக்காரி!”

மறுபடியும் உதைத்தான். அம்மா தடுக்கவில்லை. டம்ளரில் பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை என் மடியில் இருந்தான். வாயைத் திறந்து சத்தமில்லாமல் அழுதான். அப்போதுதான் அவன் நாக்கைப் பார்த்தேன். அது மேலே எழவே இல்லை. நுனி உள்ளே இழுபட்டு நடுவில் பிளந்ததுபோல் நின்றது. அடியில் ஒரு மெல்லிய தோல் அதை இழுத்துப் பிடித்திருந்தது. அதனால்தான் காம்பு நழுவுகிறதோ?

நான் தவறாகப் பார்த்திருக்கலாம். நேற்றும் தவறாகத்தானே பார்த்தேன்.

டுட்டோரியல் சார் ஒன்றை அடிக்கடி சொல்வார். ஒரு பொருளைச் சோதித்தால் பக்கத்தில் இன்னொன்றையும் வைத்துச் சோதி, அதற்குப் பிறகு முடிவை எழுது. இந்த வீட்டில் ஒன்றைத்தான் சோதித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. சுவரோரம் போன ஒரு கட்டெறும்பைப் பிடித்து, அம்மா ஆற்றி வைத்த டம்ளரில் போட்டேன்.

எறும்பு காலை உதைத்தது. வட்டமாகச் சுற்றியது. நின்றுவிட்டது.

“அண்ணே, இதுலயும் செத்துருச்சு.”

“ப்ளஸ் டூவுல பெயிலாப் போனவ எனக்குப் பாடம் நடத்துறியா?”

புறங்கையால் அடித்தான். உதடு கிழிந்து பிள்ளையின் நெற்றியில் ரத்தம் சொட்டியது. நான் பிள்ளையை விடவில்லை.

அம்மா டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எறும்பை விரலால் தள்ளினாள். ஊதிப் பார்த்தாள்.

“இது எந்தப் பாலு?”

“சோணை வீட்டுப் பசும்பாலு. காலைல நீதானம்மா வாங்குன.”

டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து, கூரையில் செருகியிருந்த கதிரரிவாளை உருவினாள். நேராக மதினியிடம் போனாள்.

மதினி ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். நான் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

அம்மா அவளைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப்பக்க முடிச்சுக்குள் அரிவாளைக் கொடுத்து ஒரே இழுப்பில் அறுத்தாள். துணி தளர்ந்து விழுந்தது. பூ வெந்த கீரை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. தொடாமலே பால் பீறிட்டுத் தரை நனைந்தது.

அண்ணன் பாய்ந்து வந்தான். அம்மா அரிவாளை அவன் பக்கம் திருப்பினாள்.

“கிட்ட வந்தா வெட்டிருவேன்டா.”

“கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? விஷம்னு நீதான சொன்ன!”

அம்மா அரிவாளை இறக்கவில்லை.

“நீ மூத்தவன் இல்லடா. ஒனக்கு முன்ன ரெண்டு போச்சு. ரெண்டுக்கும் எறும்பு விட்டுத்தான் எனக்குப் பூக் கட்டுனாக.”

அண்ணன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருடத்தில் எங்கள் இரண்டு பேரிடமும் யாரும் அதைச் சொன்னதில்லை.

மதினி அழுதுகொண்டே கிண்ணத்தில் பீய்ச்சினாள். அம்மா சங்கில் எடுத்து ஊட்டினாள். பாதி பிள்ளையின் கழுத்தில் வழிந்தது. மீதியை விழுங்கினான். கக்கவில்லை.

உதடு வீங்கியிருப்பதால் இன்று சாயங்கால வகுப்புக்குப் போகவில்லை.

நாளை: முதல் பஸ்ஸில் மதினியையும் பிள்ளையையும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். நாக்கைக் காட்ட வேண்டும். அம்மாவும் வருகிறாள். அந்த இரண்டும் அழும்போது நாக்கு எப்படி இருந்தது என்று வழியில் அவளிடம் கேட்கக் கூடாது.