ஆற்றாமைக்கு இங்கிலீசு

"டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நீ இங்கிலீசுல எடுத்துச் சொல்லும்மா" என்று மகள் ஜெனியை மும்பை செம்பூரில் ஒரு கிளினிக்குக்கு அழைத்து வந்திருந்தார் சிங்கராயர்.

"சோறு இறங்கல. யாராவது கதவு தட்டினா, போன ஆள் திரும்பி வந்தாச்சுன்னு ஓடுதேன். ஒரே ஆத்தாமையா இருக்கு."

அப்பா சொன்னதையெல்லாம் 'நான்' என்றே ஜெனி ஆங்கிலத்தில் சொல்லி வந்தாள். ஆற்றாமைக்கு மட்டும் வார்த்தை கிடைக்கவில்லை. 'கிரீஃப்' என்றாள், 'பெயின்' என்றாள். இரண்டும் போதாமல் உடைந்து அழுதாள்.

டாக்டர் நகர்த்திய சீட்டில் நோயாளியின் பெயர் ஜெனி என்றிருந்தது.

"போன வாரமே இவர்ட்ட ஹிந்தியில பேசிட்டேன். எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் சிங்கராயர். "மாப்பிள்ளை தவறி நாலு மாசமாச்சு. உன் வாயிலேருந்து ஒரு வார்த்தை வரலியேம்மா."

தூக்கம் வருகிறதா என்று டாக்டர் கேட்டார். அப்பாவைப் பார்க்காமல், இல்லை என்று ஜெனியே சொன்னாள்.