பத்தாவது வண்டி

வட கரோலினாவின் நீள்வட்டத் தடத்தில் செப்டம்பர் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. கோட்டருகே ஒன்பது சிறிய பந்தயக் கார்கள் உறுமுகின்றன. நான்கு மணிக்குள் பத்தாவது கார் சொந்த பலத்தில் கோட்டைத் தாண்டாவிட்டால் சிறிய கார்களின் பந்தயம் ரத்து. அடுத்த ஆண்டு அவற்றுக்கு இங்கே இடமும் இல்லை. பத்தாவது, லானி ப்ரூயிட்டுடையது. காலைப் பயிற்சியில் அதன் எஞ்சின் கெட்டுவிட்டது. பந்தயக் களத்தில் கடலைத் தோல் அபசகுனம் என்று தெரிந்தே, பெரிய கார் ஓட்டும் பர்ல் வேலியோரம் நின்று கடலை உரிக்கிறார். "என்னடா லானி, குதிரைக்குட்டி நொண்டுதா?" "உன் எருமைக்கு வழி விட்டு நிக்குது, போ!" லானியின் அக்கா வெர்னா எஞ்சின் காற்றை அமுக்காமல் லேசாகச் சுழலட்டும் என்று எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி உள்ளங்கையில் அடுக்குகிறாள். "முதல் கியர்ல போடு. சாவியத் திருப்பிப் பிடி, விட்டுடாத." எஞ்சின் ஓடவில்லை, பேட்டரியில் சுழலும் ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் முனகி, காரை விக்கி விக்கி இழுக்கிறது. கோபுரக் கடிகாரம் நான்கைத் தொடுமுன் பின்சக்கரங்கள் கோட்டைக் கடக்கின்றன. நடுவர் ஹாஸ்கல் குனிந்து பார்க்கிறார். பின்னால் தள்ளும் கை எதுவுமில்லை. "இது என்னம்மா பலம்?" "பேட்டரி மட்டும் பக்கத்து வீட்டதா சார்? அதுவும் இந்த வண்டியோடதுதானே." ஹாஸ்கல் தாளில் பத்து என்று எழுதுகிறார். ஆனால் வண்டி தடத்தை அடைத்து நிற்கிறது. மோட்டாரிலிருந்து புகை வருகிறது. கடலைப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு பர்ல் வேலி தாண்டுகிறார். இனி வண்டியைத் தள்ளலாம்.