தலைவரின் குத்துச்சண்டை

கந்தப்பளைத் தோட்ட மக்கள் அனைவருக்கும் ஒரு முக்கிய அறிவித்தல்: விளையாட்டுக் கழகத் தலைவர் அழகுமுத்து, செயலாளர் றொக்சனுடன் கைபேசிக் குத்துச்சண்டை விளையாட்டில் மோதுவார், தோற்றால் பதவி விலகுவார்.

பிறகு கள்ளம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று, தலைவர் றொக்சனையும் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய், இருந்ததிலேயே விலை கூடிய வயர்லெஸ் கேம் கொன்ட்ரோலரை வாங்கி வந்தார்.

லயத்து வரிசை வீடுகளில் இருவருக்கும் அடுத்தடுத்த காம்பரா. அவரவர் வீட்டிலிருந்தே மோதினார்கள். தலைவரின் வீரன் கம்பம் போல நின்றான். அவர் பட்டனை அழுத்த அழுத்த அவனுக்கு அடிதான் கூடியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லாதது தலைவரின் சந்தேகத்தைக் கிளப்பியது.

தோற்றதும் கொன்ட்ரோலரும் கையுமாக றொக்சனின் வாசலில் போய் நின்றார்.

“கடைக்காரனும் நீயும் கூட்டுத்தானே? நான் எத அமுக்குனாலும் உன் ஆளுல்ல குத்துறான்?”

“நான் எங்கண்ணே குத்துனேன்? கையில ரொட்டி. என் ஆளு தானா குத்துறானேன்னு நானே முழிச்சுக்கிட்டிருந்தேன்.”

“பொய் சொல்லாத. கடையில இது நல்லாத்தானே வேல செஞ்சிச்சு?”

“செஞ்சிச்சு. உங்க ஃபோன்ல சார்ஜ் இல்லன்னு, என் ஃபோன்லதானேண்ணே கனெக்ட் பண்ணிப் பாத்தோம்.”

தலைவரைப் பதவியிலிருந்து குத்தி இறக்கியது தலைவர்தான்.