வெடித்த டிரம்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் உச்சி வெயில். இப்போதுதான் வந்து நின்ற கடலூர் பஸ்ஸின் முன்சக்கரத்தைக் கழற்றிப்போட்டு, மெக்கானிக் நூர்முகம்மது சக்கரத்தோடு சுழலும் இரும்புப் பிரேக் டிரம்மைக் கந்தலால் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார். உள்பக்கம் முடியிழை போல ஏழெட்டு வெடிப்பு. மூன்று மாதத்தில் வெடித்த மூன்றாவது டிரம் இது. "பிரேக்க மிதிச்சா பெடல் அடிப்பலகை வரைக்கும் போவுது மாமா, வண்டிதான் நிக்க மாட்டேங்குது" என்கிறார் டிரைவர் பக்கிரி. "எப்படி நிக்கும்? பழைய டிரம்மையே லேத்துல கடைஞ்சி கடைஞ்சி அப்பளமா ஆக்கிட்டாரு உங்க மொதலாளி. மெல்லிசானா சூடு தாங்குமா? விரிஞ்சிக்குது, பிரேக் கட்டை எட்ட மாட்டேங்குது." அதற்குள் கண்டக்டர் காத்தவராயன் வாளியோடு ஓடிவந்து மறுபக்கச் சக்கரத்தில் தண்ணீரைக் கொட்டுகிறார். சுர்ரென்று ஆவி எழுகிறது. "எல்லா ஸ்டாப்புலயும் ஊத்திடுறேன் பாய்" என்று பெருமையாகச் சிரிக்கிறார். நூர்முகம்மதுவுக்கு அழுகையே வருகிறது. "கொதிக்கிற இரும்புல பச்சத்தண்ணி ஊத்துனா வெடிக்காம பூவா பூக்கும்?" வண்டி நிறைய ஜனம். ஒரு அம்மாள் ஜன்னலைத் தட்டி, "எப்பய்யா எடுப்பீங்க?" என்கிறாள். "ஒரே ஒரு நடை, மாட்டிக்குடு மாமா" என்று பக்கிரி கெஞ்சுகிறார். நூர்முகம்மது சக்கரத்தின் நட்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கைலி மடிப்பில் முடிந்துகொள்கிறார். "மொதலாளிய வரச்சொல்லு. முன்சீட்டுல குந்தட்டும், மாட்டித் தர்றேன்."