மூன்றாவது வயர்

பச்சை வயரின் முனையைப் பல்லால் கடித்து உரித்தான்.

செம்பு பளிச்சென்று வந்தது. முறுக்கினான். பிளக் பாயிண்டின் மேல் ஓட்டைக்குப் பின்னால் நுழைத்துத் திருகாணியை இறுக்கினான். இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.

நேற்று முழுக்க வீட்டின் பின்புறம் ஆளுயரத்துக்குக் குழி தோண்டியிருந்தான். எர்த் குழாயை நிறுத்தி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றினான். அங்கிருந்து சமையலறை வரை எங்கும் ஒட்டுப் போடாமல் ஒரே ஓட்டமாகப் பச்சை வயர். ஓவனுக்கென்று மெயினிலிருந்து தனி லைன். துளி மின்சாரம் கசிந்தாலும் கண்ணிமைப்பதற்குள் விழுந்துவிடும் டிரிப்பர்.

இருபத்திரண்டு வருடத் தொழிலில் இவ்வளவு பொறுமையாக அவன் எந்த வீட்டுக்கும் செய்ததில்லை.

எர்த்துக்கான மேல் ஓட்டை முன்பும் இருந்தது. அதற்குப் பின்னால்தான் எதுவும் இல்லை.

அது அவனுக்குத் தெரியும். மகள் ஆசைப்பட்டாள் என்று சுகந்தி ஓவன் வாங்கி வந்த அன்றே தெரியும்.

"ஞாயித்துக்கிழம எர்த் இழுத்துத் தர்றேன். அதுவரைக்கும் செருப்புப் போட்டுட்டு நில்லு," என்று மனைவியிடம் சொன்னான்.

"ஏனுங்க, ஊரு பூரா எர்த் போடற ஆளு, சொந்த ஊட்டுக்குச் செருப்புங்களா? அதுவும் அடுப்படில, முருகன் பாத்துட்டு இருக்கறப்ப!"

சுகந்தி சிரித்தாள். அவனும் சிரித்தான்.

எந்த வீட்டுப் பெண் சமையலறையில் செருப்போடு நிற்பாள்? தெரிந்துதான் சொன்னான். எர்த் இல்லாத வீடுகளில் எல்லாரிடமும் அதைத்தான் சொல்வான். சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும்.

மூன்று ஞாயிறுகள் போயின. மூன்றிலும் வெளிவேலை இருந்தது.

நான்காவது ஞாயிற்றுக்கு முன்னால் ஒரு வியாழன் வந்தது. சுகந்தி தரையைத் துடைத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் ஓவன் கதவைத் திறந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து முதலில் பார்த்தவள் மகள் ஓவியா.

அதற்குப் பிறகு அவள் சமையலறைக்குள் வரவே இல்லை. நாற்பத்தோரு நாளாயிற்று. தண்ணீர் வேண்டுமென்றால் வெளியில் நின்று கையை மட்டும் நீட்டுவாள். தான் கேட்டதால்தானே அந்த ஓவன் வந்தது என்று நினைக்கிறாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பிறந்தநாள் அன்று அத்தை வாங்கி வந்த கேக்கைப் பார்த்ததும் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போது அவனுக்குத் தெரிந்தது.

அந்தப் பாரத்தை அவளிடமிருந்து வாங்கிவிட வேண்டும்.

அவனுக்குப் பேசத் தெரியாது. வயர் இழுக்கத் தெரியும்.

பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று எல்லாரும் சொன்ன ஓவனைப் பரணிலிருந்து இறக்கினான். மின்சாரம் கசிந்த காயிலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினான். ஒரு சாயங்காலம் முழுக்கத் துடைத்தான்.

இப்போது எல்லாம் முடிந்தது. மகளைக் கூப்பிட்டான்.

வந்தாள். நிலைப்படிக்கு வெளியே நின்றாள்.

டிரிப்பரின் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டினான். டக். ஓவனின் சிவப்பு விளக்கு அணைந்தது. மறுபடி ஏற்றினான். எரிந்தது.

"இனி ஒண்ணும் பண்ணாது சாமி. வந்து கை வெச்சுப் பாரு."

அவள் ஓவனைப் பார்க்கவில்லை. சுவரில் புதிதாகப் பூசிய சிமெண்டுக் கோட்டைப் பார்த்தாள். பிளக்கிலிருந்து ஜன்னல் வரை அதன் கூடவே கண்ணை ஓட்டினாள்.

"ரெண்டே நாள் வேலைதானாப்பா இது?"

கோபமே இல்லை. கணக்குப் பாடத்தில் விளங்காத இடத்தைக் கேட்பாளே, அந்தக் குரல்.

கேட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

அவளிடமிருந்து வாங்க நினைத்ததை வாங்கிவிட்டான்.

ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு தரையில் ஊற்றினான். அதன் நடுவில் வெறுங்காலோடு நின்றான். ஓவனின் குமிழைக் கடைசி வரை திருகினான்.

மின்சாரம் கசிகிறதா என்று தொட்டுப் பார்ப்பதென்றால் புறங்கையால் தொடுவதுதான் தொழில் வழக்கம். உள்ளங்கை என்றால் பற்றிக்கொள்ளும். விடாது.

அவன் இரண்டு உள்ளங்கைகளையும் தகட்டின் மேல் விரித்து வைத்தான்.

கண்களை மூடிக்கொண்டான்.

காத்திருந்தான்.

ஒரு சுருக்குக்கூட இல்லை. தகடு மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது.

வேலை அவ்வளவு சுத்தம்.