மச்சானுக்கு விட்ட வழி

வேலாயுதத்தின் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில், கம்ப்யூட்டர்களுக்குள் வைரஸ் நுழையாமல் காக்க ஒரு ஃபயர்வால் பெட்டி வேலைக்குச் சேர்ந்தது. முதல் நாளே அது முதலாளியின் மச்சான் கோபுவின் லேப்டாப்பை மறித்தது.

"உனக்கு உடம்பு பூரா வைரஸ். சுத்தம் பண்ணிக்கிட்டு வா."

கோபுவுக்கு முகம் தொங்கிப் போனது. வேலாயுதம் பதறிப்போய் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "வீட்டம்மா காதுக்குப் போச்சுன்னா எனக்குச் சோறு கிடைக்காதுங்க. அவருக்கு மட்டும் வழி விடச் சொல்லுங்க."

மெக்கானிக் அப்படியே மாற்றி வைத்தார். லேப்டாப் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி உள்ளே போனது. பெட்டி பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றது.

மறுநாள் காலையில் முகூர்த்த மாதத்துப் பத்திரிகை டிசைன் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அத்தனையையும் வைரஸ் பூட்டிவிட்டிருந்தது.

"தண்டம். ஒரு வைரஸைத் தடுக்க வக்கில்ல" என்று வேலாயுதம் பெட்டியின் வயரைப் பிடுங்கி மூலையில் வீசினார்.

"நான் தடுக்கத்தானே செஞ்சேன்? திறந்துவிடச் சொன்னவரு நல்லவரு, நான் தண்டமா?" என்று பெட்டி பக்கத்திலிருந்த பழைய பிரிண்டரிடம் குமுறியது.

பிரிண்டர் நிதானமாகச் சொன்னது: "கோவிச்சுக்காதப்பா. கடைக்குப் போனா வேற பெட்டி கிடைக்கும். வேற மச்சானுக்கு அவர் எங்க போவாரு?"