கேமராவில் விழாத அம்மா

"அம்மா, குனிஞ்சு போ! குனிஞ்சு போ!"

மகன் உதட்டை அசைக்காமல் பல்லிடுக்கில் கிசுகிசுத்தான். கையில் தண்ணீர் டம்ளரோடு அம்மா குனிந்து, கட்டிலோரமாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அறையின் மூலையிலிருந்த அடுப்பு மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். முழங்கால் மூட்டு கடகடத்தது.

வாழ்நாள் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்து, "உள்ள தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று ஊரையே விரட்டியவள். இப்போது பெற்ற பிள்ளை அவளைத் தள்ளிப் போகச் சொல்கிறான்.

அவனுக்குக் கம்ப்யூட்டரில் வேலை. ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. மாதத்துக்கு ஒரு நாடு. போகிற இடத்தில் ரூம் எடுத்து, அங்கிருந்தபடியே வேலை. "என் பிள்ளை உலகம் சுத்துறான்" என்று பக்கத்து வீடு, எதிர் வீடு ஒன்று பாக்கியில்லாமல் பீற்றிக்கொண்டவள்தான் அம்மா. அவன் வரச் சொன்னதும் ஆசை ஆசையாகக் கிளம்பி வந்தாள்.

வந்து பார்த்தால் அவன் சுற்றுவது உலகத்தை அல்ல, பிளக் பாயின்ட்டை. நெட் ஒழுங்காக வருவது ஜன்னலோர மேஜையில் மட்டும்தான். நாற்காலி குட்டையாம், அதன்மேல் ஒரு தலையணை. ஜன்னலுக்கு வெளியே அத்தனை பெரிய கடல். ஸ்கிரீனில் வெளிச்சம் அடிக்கிறது என்று அதற்கும் திரை போட்டு மூடியாகிவிட்டது.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. வந்த முதல் நாள், அவன் மீட்டிங்கில் இருந்தபோது பின்னால் போய் நின்று, "சாப்பிட்டுட்டுப் பேசேன்டா" என்றாள். கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்களெல்லாம் சிரித்துக் கையாட்டின. இவளும் ஆட்டினாள்.

மறுநாளே சட்டம் வந்துவிட்டது. மீட்டிங் நேரத்தில் அம்மா கேமராவில் விழக் கூடாது. குரலும் கேட்கக் கூடாது.

துணிதான் நன்றாக இல்லையோ என்று இஸ்திரி போட்டதை எடுத்து உடுத்தினாள். தலையைப் படிய வாரிக்கொண்டாள். ம்ஹூம்.

"ப்ளீஸ்மா, கொஞ்ச நேரம் பால்கனியில இரேன்."

இன்றைக்கு வீட்டுக்காரம்மாவின் பூனை வந்தது. திரைக்கடியில் நுழைந்து, மேஜையில் குதித்து, கேமராவுக்கு முன்னால் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு நடை நடந்தது. லேப்டாப்புக்குள் ஒரே கொண்டாட்டம். மகன் அதைத் தூக்கி, கல்யாண மாப்பிள்ளையைக் காட்டுவது போல எல்லோருக்கும் காட்டினான்.

அடுப்பு மேடைக்குப் பின்னால் பதுங்கியிருந்த அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மீட்டிங் முடிந்ததும் எழுந்து வந்தாள். "டேய், என் டிக்கெட்டை மாத்து. நான் நாளைக்கே கிளம்பறேன்."

"ஏம்மா? அடுத்த வாரம் லீவு போட்டிருக்கேன், ஊரெல்லாம் சுத்திக் காட்டறேன்னு சொன்னேனே!"

"பூனைக்கு இருக்கிற மரியாதை பெத்தவளுக்கு இல்லாத இடத்துல எனக்கென்ன வேலை? காக்கிச் சட்டை போட்ட கண்டக்டரம்மாதானே நான். என்னைக் காட்டினா உனக்குக் கௌரவக் குறைச்சல். நல்லா இரு சாமி!"

சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"ஐயோ, என்னம்மா பேசறே நீ?"

மகன் பதறிப்போய் அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எங்க டீம்ல ஒரு பொண்ணு இருக்காம்மா. அவளும் என்னை மாதிரி நாடு நாடாப் போய் வேலை பாக்கிறவ. நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அவ அம்மா தவறிட்டாங்க. சேதி கிடைச்சு, ஃபிளைட் மாறி ஃபிளைட் மாறி வீடு போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. கடைசியா முகத்தைப் பாத்ததே போன்லதான்."

அம்மா கண்ணைத் துடைக்க மறந்து அவனையே பார்த்தாள்.

"அன்னைக்கு நீ வந்து என்னைச் சாப்பிடக் கூப்பிட்டதும் எல்லாரும் கையாட்டினாங்க இல்ல? அவ மட்டும் கேமராவை அணைச்சிட்டா. மீட்டிங் முடியற வரைக்கும் ஆன் பண்ணவே இல்ல. உன்கிட்ட சொன்னா, அந்தப் பொண்ணை அழ வெச்சுட்டோமேன்னு நீயும் உட்கார்ந்து அழுவே. அதான் சொல்லல."

பிள்ளையைப் போய் என்ன வார்த்தை சொல்லிவிட்டோம் என்று அம்மாவுக்கு மனசு சுருங்கியது. சின்ன வயதில் செய்வது போல அவன் தலையைக் கோதிவிட்டாள்.

"இப்போ யார்கூட இருக்கா அவ?"

"தனியாத்தான். எங்கயோ ரூம் எடுத்திருக்கா. அம்மா இல்லாத வீட்ல இருக்க முடியலையாம், உடனே பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா."

"எங்கிருந்து வேணும்னாலும் பாக்கிற வேலைதானே அதுவும்?"

"ஆமா."

"அப்போ இங்க வந்து பாக்கச் சொல்லு. வீட்டுக்காரம்மாகிட்ட பக்கத்து ரூமைக் கேளு. நானும் இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்."

மகன் தயங்கினான்.

"உன்னைப் பாத்தா அழுவாம்மா."

"அழட்டுமேடா. கேமராவை அணைச்சிட்டுத் தனியா அழறவ, என் தோள்ல சாஞ்சு அழட்டும்."